மூடும் நாளை எழுதும் தாளிலேயே அடுத்த வேலையையும் எழுதுங்கள்

பெறுநர்: கர்நாடக அரசின் எரிசக்தி, போக்குவரத்து, தொழிலாளர் நலம், திறன் மேம்பாட்டுத் துறைகளின் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். இந்த மடலின் கன்னடப் படி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் யாருக்காகப் பேசுகிறேனோ அவர்களில் பலர் அல்சூரிலும் லிங்கராஜபுரத்திலும் ஸ்ரீராம்புரத்திலும் வீட்டுக்குள் தமிழ் பேசுகிறவர்கள். தங்கள் பெயரைச் சொல்லி அரசிடம் என்ன கேட்கப்படுகிறது என்பது அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும்.

நான் இந்த ஊரில் ஐடிஐ-யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். பெட்ரோல் எஞ்சினையும் டீசல் எஞ்சினையும் பிரிக்கவும் மாட்டவும் கற்றுக்கொடுத்துத்தான் என் குடும்பம் சாப்பிட்டது. இருந்தும் சொல்கிறேன், பெட்ரோலும் டீசலும் நிலக்கரியும் போகத்தான் வேண்டும். சீக்கிரம் போக வேண்டும். மாற்றத்தைத் தள்ளிப்போடச் சொல்லும் மனுவாக இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"மின்சார ஸ்கூட்டரும் நிலக்கரி கரண்டில்தானே ஓடுகிறது, இதில் என்ன லாபம்?" என்று டீக்கடையில் கேட்பவர்களிடம் நான் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவது வழக்கம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியே வரும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 50 கிராம் ஆகிறது. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க, எல்லா வகை மின் நிலையங்களையும் சேர்த்து, சராசரியாக 700 கிராமுக்குச் சற்று மேல் ஆகிறது. அந்த ஒரு யூனிட்டில் மின்சார ஸ்கூட்டர் 30 கிலோமீட்டராவது ஓடும். அப்படிப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 25 கிராம்தான். நிலக்கரி இவ்வளவு இருக்கும்போதே பாதியாகக் குறைந்துவிட்டது. சூரியனும் காற்றும் கூடக்கூட அதுவும் இன்னும் குறையும். சில்க் போர்டு சிக்னலில் நாள் முழுக்க நிற்கும் போக்குவரத்துக் காவலரின் நெஞ்சுக்குள் போகும் புகை இந்தக் கணக்கில் வரவே இல்லை. அது தனி லாபம்.

ஆகவே எனக்கும் உங்களுக்கும் திசையில் சண்டை கிடையாது. நான் கேட்பது ஒன்றுதான். ஒரு தொழிலை மூடும் நாளை நீங்கள் எழுதுகிற தாளிலேயே, அந்தத் தொழிலில் இருப்பவர்களின் அடுத்த வேலையையும் எழுதுங்கள். "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த மாநிலம் ஒரு முறை பார்த்துவிட்டது.

கோலார் தங்கவயலைச் சொல்கிறேன்.

1902-இல் சிவனசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து மின்சாரம் எடுத்தபோது அது முதலில் போனது தங்கவயலுக்குத்தான். கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. அந்தத் திட்டத்துக்குப் பின்னால் நின்ற மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் 1901-இலேயே காலமாகிவிட்டதால் விளக்கு எரிவதைப் பார்க்கவில்லை. பெங்களூருக்கே 1905-இல்தான் தெருவிளக்கு வந்தது. சுத்தமான மின்சாரத்தில் இந்த மண்ணுக்கு இருக்கும் பெருமை பழையது, உண்மையானது. நிலக்கரி இங்கே பின்னால் வந்த விருந்தாளி. ராய்ச்சூர் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது 1985-இல்.

அந்த மின்சாரம் போய்ச் சேர்ந்த சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடார்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கம் இருந்து போன தமிழர்கள், அவர்களிலும் பலர் தலித் மக்கள். சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே கொதிக்கும். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு தெரிந்த நோய். கல்லில் தங்கம் குறைந்துகொண்டே வருகிறது, சுரங்கம் நிலைக்காது என்பது பல பத்தாண்டுகளாக எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதாவது திட்டம் போட நேரம் இருந்தது. ஆனால் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது, அங்கே அடுத்து என்ன வேலை என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. நிலுவைத் தொகைக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேடுகள் அங்கேயே நிற்கின்றன. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருகிறது.

இன்றைக்கும் மாரிக்குப்பத்திலிருந்து விடிவதற்கு முன் கிளம்பும் ரயிலில் ஏறிப் பாருங்கள். சாம்பியன், ஊரிகாம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் ஏறும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு, செக்யூரிட்டி வேலைக்கு, ஹவுஸ்கீப்பிங்குக்கு, கடைகளுக்கு. இரவு அதே கூட்டம் திரும்பும். என்னிடம் படித்த தங்கவயல் பையன்கள் காலை வகுப்பில் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்குவார்கள். நான் எழுப்பியதில்லை.

தங்கவயலில் நடந்தது எண்ணெய், நிலக்கரி சம்பந்தப்பட்டது அல்ல என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் முடியப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு தொழில், அதை நம்பி ஓர் ஊர், மூடிய பிறகு கைவிடப்பட்ட மக்கள் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையிலேயே தொழிலாளர்களுக்கு நியாயமான மாற்றம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இந்தியாவும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. அந்த வரி பெங்களூரு தெருவுக்கு வந்து சேர்ந்ததா என்பதே என் கவலை.

இனி நான் நன்கு அறிந்த இடத்துக்கு வருகிறேன். மெக்கானிக் கடை.

அல்சூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வயது நாற்பத்தைந்து இருக்கும். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். கார்புரேட்டர் ஸ்குருவைக் கால் சுற்று திருப்பி, சைலன்சர் சத்தத்தைக் காதால் கேட்டே வண்டியைச் சரிசெய்கிற ஆள். 2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்6 விதி வந்தது. கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்ஷன் வந்தது, சென்சார் வந்தது. இவர்கள் தொழில் அன்றோடு முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். அவர் கைக்காசு போட்டு ஒரு ஸ்கேனர் வாங்கினார். ஆங்கிலத்தில் வரும் எரர் கோடுகளை மகளை விட்டு நோட்டில் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டார். சில மாதங்களில் தேறிவிட்டார். யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை. இவர்களுக்குக் கற்றுக்கொள்ள வராது என்று எந்த அதிகாரியாவது சொன்னால் அந்த நோட்டை வாங்கிக் காட்டுகிறேன்.

மின்சார வண்டியில் கதை வேறு. சென்ற மழைக்காலத்தில் தெருவில் ஒருவர் தன் மின்சார ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்தார். திரையில் ஏதோ எரர் எண் தெரிகிறது, வண்டி நகரவில்லை. நானும் அப்போது கடையில் இருந்தேன். மெக்கானிக் மல்டிமீட்டரை எடுத்து பிரேக் சுவிட்ச், திராட்டில் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, மோட்டாரிலிருந்து வரும் ஹால் சென்சார் ஒயரின் கனெக்டரைக் கழற்றினார். உள்ளே தண்ணீர் புகுந்து பின்னெல்லாம் பச்சை பிடித்திருந்தது. துடைத்து, ஸ்பிரே அடித்து மாட்டினார். கோளாறு அதுதான், அவர் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் எரரை அழிப்பதற்கு நிறுவனத்தின் சாஃப்ட்வேர் வேண்டும். அது வெளிக்கடைக்குக் கிடைக்காது. கடைசியில் வண்டியைச் சின்ன யானை என்கிற குட்டி லாரியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினார்கள். அங்கே வாரக்கணக்கில் கிடந்தது. மெக்கானிக்குக் கூலி வாங்க மனசு வரவில்லை.

இந்த ஒரு வண்டிக்குள் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் பிளேட், பிஸ்டன் ரிங், சைலன்சர் என்று தெருக்கடைக்குச் சோறு போட்ட வேலைகள் எதுவும் மின்சார வண்டியில் கிடையாது. மிச்சமிருப்பது பிரேக், டயர், சஸ்பென்ஷன், ஒயரிங். அப்புறம் பேட்டரி, கன்ட்ரோலர், மோட்டார். கடைசி மூன்றும் பூட்டுப் போட்டு வருகின்றன. அதே நேரத்தில் சர்வீஸ் சென்டர் போதவில்லை என்று வண்டி வாங்கியவர்கள் புலம்புகிறார்கள். ஒரு பக்கம் வேலை தெரிந்த கை சும்மா இருக்கிறது, இன்னொரு பக்கம் வண்டி ரிப்பேருக்குக் காத்திருக்கிறது. இடையில் இருக்கும் பூட்டைத் திறக்க அரசால் முடியும்.

2017-இலேயே மின் வாகனங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்ட முதல் மாநிலம் கர்நாடகம். வரிச் சலுகை, முதலீட்டுச் சலுகை எல்லாம் கொடுக்கிறீர்கள், சந்தோஷம். அந்தச் சலுகைகளோடு ஒரு நிபந்தனையையும் சேருங்கள். எரர் கோடு விவரம், சர்வீஸ் கையேடு, உதிரி பாகம் மூன்றும் பயிற்சி பெற்ற வெளிக்கடைகளுக்கு நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளமே தொடங்கியது. வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. அது நிறுவனங்களாக விரும்பித் தகவல் தருகிற ஏற்பாடு. மாநிலத்தின் சலுகையோடு கட்டிப்போட்டால்தான் காரியம் நடக்கும்.

பயிற்சி பெற்ற கடை என்று சொன்னேன், அந்த வார்த்தையை விடாமல் பிடித்துக்கொள்கிறேன். லித்தியம் பேட்டரியைத் தெரியாமல் திறந்தால் தீப்பிடிக்கும். காரில் இருக்கும் மின்னழுத்தம் ஆளைக் கொல்லும். யார் வேண்டுமானாலும் பிரிக்கட்டும் என்று நான் கேட்கவில்லை.

2022-இல் மாநிலத்தின் 150 அரசு ஐடிஐ-க்களைப் புதுப்பித்தீர்கள். மின் வாகனம், ரோபோ என்று புதுப் பாடங்கள் வந்தன. நல்ல கருவிகள், நல்ல கட்டடங்கள். ஆனால் அங்கே சேர்வது பள்ளி முடித்த பிள்ளைகள். எட்டாவது படித்த நாற்பத்தைந்து வயதுக்காரர் கடையைச் சாத்திவிட்டு இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார முடியுமா? அன்றாடம் கல்லாவில் விழும் காசில்தான் அவர் வீட்டு வாடகையும் மகள் கல்லூரிக் கட்டணமும் இருக்கிறது. அவருக்கு வேண்டியது மாலை ஏழு மணிக்கு மேல், வாரத்தில் சில நாள், மூன்று நான்கு மாதத்தில் முடிகிற வகுப்பு. கன்னடம், தமிழ், உருது மூன்றிலும் பேசிப் புரியவைக்கிற ஆசிரியர். வகுப்புக்கு வரும் நாட்களுக்கு ஒரு சிறு உதவித்தொகை. முடிவில் அரசு முத்திரையோடு ஒரு சான்றிதழ். அதை வைத்து வங்கியில் கருவிக் கடன் கிடைக்க வேண்டும். ஏற்கெனவே கையில் இருக்கும் திறமையைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை ஒன்றிய அரசின் திறன் திட்டத்திலேயே இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆட்டோக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊர் ஆட்டோக்கள் எல்பிஜிக்கு மாறியபோதும் செலவைச் சுமந்தது ஓட்டுநர்தான். இப்போது மின்சார ஆட்டோ. நாளுக்கு எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டினால் சுமார் எட்டு யூனிட் வேண்டும். மாதம் 25 நாள் என்றால் 200 யூனிட். வீடுகளுக்கு இலவச மின்சாரம் தரும் கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லையும் கட்ட வேண்டும் என்பது உங்கள் விதி. ஆக, வீட்டில் ஆட்டோவுக்கு சார்ஜ் போடுகிற ஓட்டுநர் தன் வீட்டு விளக்குக்குக் கிடைத்த சலுகையையும் சேர்த்து இழக்கிறார். தனி மீட்டர் போடலாமே என்பீர்கள். வாடகை வீட்டில், ஒரே மீட்டரில் நாலு குடித்தனம் இருக்கும் சந்தில், வீட்டுக்காரர் அதற்குக் கையெழுத்துப் போட மாட்டார். ஒரு துறை கொடுக்கும் சலுகையை இன்னொரு துறையின் கொள்கை பறிக்கிறது. இரண்டு துறைகளும் ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் தீர்ந்துபோகிற விஷயம் இது. ஓட்டுநர் உரிமத்தையும் பெர்மிட்டையும் காட்டினால் வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமலே தனி இணைப்பு தரலாம். ஆட்டோ ஸ்டாண்டு பக்கத்திலேயே சார்ஜிங் பாயின்ட் வைக்கலாம்.

நகரப் பேருந்துகளில் ஆயிரத்துக்கும் மேல் இப்போது மின்சாரத்தில் ஓடுகின்றன. அமைதியாக, புகையில்லாமல் வருகின்றன. மகிழ்ச்சியாகத்தான் ஏறுகிறேன். ஆனால் அவற்றின் ஓட்டுநர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள், நடத்துநர் மட்டும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். ஒரே பேருந்தில் இரண்டு விதச் சம்பளம், இரண்டு விதப் பாதுகாப்பு. டீசல் பேருந்து போகும்போது அதோடு நிரந்தர வேலையும் போய்விட வேண்டும் என்று எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை.

பாவகடா சூரிய மின் பூங்காவையும் நினைத்துப் பாருங்கள். 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். நிலத்தை விலைக்கு வாங்காமல் விவசாயியிடமே குத்தகைக்கு எடுத்து, ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 5 சதவீதம் ஏற்றித் தரும் அந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மழை பொய்த்த ஊரில் நிலம் கைவிட்டுப் போகாமல் வருமானம் வருவது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அந்த நிலத்தில் களை எடுத்தவர், கடலை பறித்தவர், ஆடு மேய்த்தவர் பெயரில் பத்திரம் இல்லை. அவர்களுக்குக் குத்தகைப் பணமும் இல்லை, கூலி வேலையும் இல்லை. பத்திரம் வைத்திருப்பவரை மட்டும் எண்ணினால் இப்படித்தான் ஆகும். அனல் மின் நிலையத்திலும் அதே ஆபத்து இருக்கிறது. நிரந்தர ஊழியரை வேறு நிலையத்துக்கு மாற்றிவிடுவீர்கள். வேகனிலிருந்து நிலக்கரி இறக்குகிறவர், சாம்பல் அள்ளுகிறவர், கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர் எல்லாம் ஒப்பந்தக்காரரின் நோட்டில் மட்டும் இருக்கிறார்கள். அவர்கள் எத்தனை பேர், என்ன வயது, என்ன வேலை தெரியும் என்ற பட்டியல் இன்று உங்களிடம் இருக்கிறதா?

அவகாசம் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவும் கேட்கிறேன். நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாததாகிவிட்டது என்று 2025 ஜூலையில் ஒன்றிய அரசு அறிவித்தது. 2030-க்கு வைத்த இலக்கை ஐந்து ஆண்டு முன்னதாகவே தொட்டாயிற்று. ஆனால் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் இன்னும் நிலக்கரிதான். மதியம் ஒரு மணிக்கு பாவகடாவில் கொட்டுகிற மின்சாரம் மாலை ஏழு மணிக்கு, வீட்டுக்கு வீடு விளக்கும் மிக்சியும் ஓடுகிற நேரத்தில் கிடைக்காது. 2023-இல் மழை குறைந்து அணைகள் வற்றியபோது மாநிலம் எப்படித் திண்டாடியது என்பது உங்களுக்கே தெரியும். பேட்டரிச் சேமிப்பும், தண்ணீரை மேலே ஏற்றி வைத்து வேண்டும்போது மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையங்களும் வந்து இந்த மாலை நேரத்தைத் தாங்கும்வரை ராய்ச்சூர், பல்லாரி அனல் மின் நிலையங்கள் ஓடும். அந்த இடைவெளி சில ஆண்டுகள். ராய்ச்சூரின் மூத்த அலகுக்கு நாற்பது வயதாகிவிட்டது, எனவே அந்த ஆண்டுகளும் நிறைய இல்லை. பட்டியல் எடுக்க, பயிற்சி கொடுக்க, ராய்ச்சூர் நிலையம் இருக்கும் சக்திநகர் ஊருக்கு மாற்றுத் தொழில் கொண்டுவர அந்தக் காலம் போதும், இப்போதே தொடங்கினால்.

நான் இன்று கேட்பது பெரிய சட்டம் எதுவும் இல்லை. உங்கள் நான்கு துறைகளுக்கும் பொதுவாக ஒரு பொறுப்பு அதிகாரியை நியமியுங்கள். மெக்கானிக்குகள், ஆட்டோ ஓட்டுநர்கள், அனல் மின் நிலைய ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆகியோரைக் கணக்கெடுக்க உத்தரவிடுங்கள். பெங்களூரில் ஓர் அரசு ஐடிஐ-யிலாவது வரும் கல்வி ஆண்டிலேயே மாலை வகுப்பைத் தொடங்குங்கள். பாடத்திட்டம் எழுதவும் வகுப்பு எடுக்கவும் என்னைப் போல ஓய்வு பெற்ற பயிற்றுநர்கள் சிலர் தயாராக இருக்கிறோம், சம்பளம் கேட்க மாட்டோம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் வைப்பதாக இருந்தால் தயவுசெய்து விதான சௌதா பக்கம், வேலை நாளில், காலை பதினோரு மணிக்கு வைக்காதீர்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல்தான் மெக்கானிக் கடைகள் மூடியிருக்கும். அல்சூரிலோ லிங்கராஜபுரத்திலோ ஒரு பள்ளிக்கூட மைதானம் போதும். மைக்கும் நாற்காலியும் நாங்கள் ஏற்பாடு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஐடிஐ பயிற்றுநர்,
அல்சூர், பெங்களூரு